தீர்க்கதரிசியா, உபதேசியாரா: யாரிடம் போய்க் கேட்பது?

வேலையை விடலாமா, வெளிநாடு போகலாமா, இந்த வரனுக்குச் சரி சொல்லலாமா என்று குழம்பும்போது தேவசித்தம் கேட்க நம் ஆட்கள் போகிற இடங்கள் நாலைந்துதான். நான் அதில் முக்கால்வாசியைச் சுற்றி வந்துவிட்டு, இப்போது எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) ஓய்வுபெற்ற ஒரு உபதேசியார், அதாவது குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனித்த ஊழியர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ள ஆறுதலாக இருக்கும். வீட்டுக் கடன் வாங்கலாமா என்று அதைக் கேட்கக் கூடாது.

அடுத்து, கூடுகைகளிலும் யூடியூபிலும் வருகிற தனிப்பட்ட தீர்க்கதரிசனம். உடனே பதில் கிடைக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை நான் கேலி செய்ய மாட்டேன். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று பவுலே தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கடுத்த வசனம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது, அது மட்டும் மேடையில் அதிகம் காதில் விழுவதில்லை.

என் கதை இதுதான். சில வருஷம் முன்னால் ஒரு கூடுகையில் ஒருவர் என் தலையில் கைவைத்து, இந்த வருஷமே கடல் கடந்து போவாய் என்றார். ஏற்கெனவே ஒரு ஏஜென்ட் வளைகுடா வேலை என்று பேசிக்கொண்டிருந்த நேரம், கேட்கவா வேண்டும், மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினேன். விசா வரவில்லை, பணத்தில் பாதிதான் திரும்பியது. அவர்களுடைய ஜெப உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ எடுத்து என் ஜெப விண்ணப்பத்தைப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை, "விசுவாசம் குறைவா இருந்திருக்கும் பிரதர்" என்று பதில் வந்தது.

என் அலசல் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது: சொன்னது நடக்காமல் போனால் திரும்பிப் போய்க் கேட்க ஆள் உண்டா? உபாகமம் 18 சொன்னபடி நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 14:29 இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது. அந்த "மற்றவர்கள்" சபையில் பக்கத்து பெஞ்சில் இருக்கிறவர்கள், போனில் லைக் போடுகிறவர்கள் இல்லை. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கிடைத்த திதாக்கே என்ற ஆதி சபைக் கையேடு இன்னும் கறார். ஊர் ஊராக வருகிற ஊழியர் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ கள்ளத் தீர்க்கதரிசி என்று முடித்துவிடுகிறது! ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசி இல்லை, கர்த்தருடைய வழியில் நடக்கிறானா என்று பார் என்றும் சொல்கிறது. நடப்பதைப் பார்க்க ஒரே தெருவிலாவது இருக்க வேண்டுமே.

உபதேசியாருக்கு வருகிறேன். ஓசூரில் கூடுதல் சம்பளத்துக்கு ஒரு வேலை வந்தபோது அவரிடம் போனேன். வெளிப்பாடு எதுவும் சொல்லவில்லை. "வீட்டுல என்ன சொல்றாங்க? கடன் எவ்வளவு இருக்கு? அம்மாவ யார் பாப்பா?" என்று கேட்டார், ஜெபித்தார், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க தம்பி என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரெண்டு வாரம் கழித்து, போக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோணுது என்றார். நானும் போகவில்லை. ஒரு வருஷத்துக்குள் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள்.

ஆக, இவர் சொன்னதும் தப்பு. ஆனால் விஷயம் கேள்விப்பட்ட அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நான் சொன்னது தப்பாப் போச்சு தம்பி" என்று என் மனைவி முன்னாலேயே சொன்னார். அப்புறம் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார், இப்போது நான் பார்க்கிற வேலை அப்படி வந்ததுதான். 1 இராஜாக்கள் 13-இல் பொய் சொல்லி விருந்துக்குக் கூப்பிட்ட கிழத் தீர்க்கதரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை, நம்பிப் போனவனைத்தான் சிங்கம் அடித்தது. எனக்கு அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் அடகுக் கடை ஞாபகம் வரும்.

இந்தப் பக்கமும் குறை உண்டு. பெரியவர்கள் அனேகமாக "போகாதே" பக்கம்தான் சாய்வார்கள். சபைத் தேர்தல் நேரத்தில் யார் எந்தக் கட்சி என்று பார்த்துப் பேச வேண்டும். ரகசியம் தங்காத திண்ணைகளும் இருக்கின்றன. சேகர குருவானவரிடம் போகலாம்தான், ஆனால் அவர் நம்மைப் புரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் கூட்டிப்போன மூன்று நாள் தியானத்தையும் சொல்ல வேண்டும். 1521-இல் ஸ்பெயினில் பம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுப் படுத்த, பின்னால் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், எந்த நினைப்பு மனதில் சந்தோஷமாகத் தங்குகிறது, எது வறட்சியாக விட்டுப்போகிறது என்று கவனித்ததிலிருந்து வந்த முறை. மனம் சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவருடைய விதி. வேலை போயிருந்த நேரத்தில் இன்னொரு ஏஜென்டிடம் போகாமல் அது என்னைத் தடுத்தது. ஒரே ஒரு தடவைதான் போனேன், அதனால் அதற்கு மார்க் போட எனக்குத் தகுதி இல்லை.

இப்போது மகளின் மேல்படிப்பு, சென்னையா பாளையங்கோட்டையா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி காலையில் யூடியூபில் ஒரு ஊழியரைக் கேட்கிறாள், வசன விளக்கம் நன்றாக இருந்தால் நானும் நின்று கேட்பேன். சனிக்கிழமை மூன்று பேருமாக உபதேசியார் வீட்டுக்குப் போகிறோம். அவருக்கு இப்போது காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும், தெருவுக்கே கேட்கும்.