ஈயமா, கரண்டியா, பித்தளையா: சின்ன மீனுக்கு வீட்டில் செய்யும் உலோக இரை

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று எதிரே வீசும்போது 3 கிராம் அலுமினியத் தகட்டை எறிந்தால் அது காற்றில் திரும்பிக் காலடியிலேயே விழும். அதே 3 கிராம் ஈயம் தூரம் போகும். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்த கையோடு அடிக்குப் போய்ச் சாதாளை என்கிற கடற்புல்லுக்குள் புகுந்துவிடும். எங்கள் பரவைக்கடலில் சின்ன மீனுக்கு உலோக இரை செய்ய நினைக்கிறவரின் முழுச் சிக்கலும் இந்த இரண்டு எறிகளுக்குள் அடங்கும். இரை தூரமும் போகவேண்டும், விழுந்தபின் மெதுவாகத் தாழவும் வேண்டும். என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன்: பித்தளை. ஏன் என்பதற்கு மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இப்படியான குட்டி இரைகளை வீட்டில் செய்யும் பழக்கம் அமெரிக்காவில் நன்றாக ஊறியது. அங்கே புளூகில், கிராப்பி, பேர்ச் என்று பொரிக்கிற சட்டிக்குள் முழுதாக அடங்கும் நன்னீர் மீன்களுக்கு 1 முதல் 4 கிராம் வரையான தகடுகளைச் செய்கிறார்கள். கரண்டி வடிவ இரைக்கு அங்கே 1852ஆம் ஆண்டிலேயே ஜூலியோ புவெல் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். அவர் கைதவறி ஏரிக்குள் போட்ட கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டுதான் யோசனை வந்ததாகக் கதை. கதை எப்படியோ, கரண்டியின் குழிவு தண்ணீரில் ஆடும் ஆட்டம் உண்மை.

எங்களிடம் புளூகில் இல்லை. உள்ளங்கை அளவுப் பாரைக்குஞ்சு, சின்னச் சீலா, கொடுவாக்குஞ்சு, முரல் இருக்கின்றன. இவை எல்லாம் ஓடுகிற சின்ன மீனைத் துரத்தித் தின்பவை. மின்னுவதைக் கண்டால் விடா. ஓராவுக்கு உலோகம் காட்டி மினக்கெட வேண்டாம், அது பாசி மேய்கிற சாதி. கிழக்கனுக்குப் புழுவை மிஞ்ச எதுவும் இல்லை. இரணைமடுக் குளப் பக்கம் போகிறவர்கள் திலாப்பியாவை நினைப்பார்கள்; 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீனும் பெரும்பாலும் பாசியும் வண்டலும் தின்கிறதுதான். கூடு காக்கும் காலத்தில் கோபத்தில் அடிக்குமே தவிர, பசிக்கு அல்ல.

இனி உலோகங்கள். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம், பித்தளை ஏறத்தாழ 8.5, துருப்பிடிக்காத உருக்கு 8க்குச் சற்றுக் குறைவு, வெள்ளீயம் 7.3, அலுமினியம் 2.7. இரையின் நடத்தையில் பாதியை இந்த எண்களே தீர்மானிக்கின்றன. 3 கிராமில் இரை செய்தால் ஈயம் கடலையளவுக் குண்டாக ஒடுங்கிவிடும். அலுமினியம் அதைப்போல நான்கு மடங்கு இடம் பிடிக்கும். பருமன் கூடினால் காற்றும் தண்ணீரும் பிடித்து நிறுத்தும், குறைந்தால் இரை கல்லாகத் தாழும். பித்தளையும் உருக்கும் நடுவில் நிற்கின்றன.

ஈயத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். காரணம் தெளிவு: வலைக்குக் கோர்க்கிற ஈயமணி கரையோரத்து வீடுகளில் எப்போதும் கிடக்கும், 327 பாகை செல்சியசில் உருகும், கத்தியால் கூட வெட்டலாம். வடிவம் கொடுப்பதில் அதற்கு நிகரில்லை. ஆழத்துக்கு இறக்கவும் அதுதான் நல்லது. மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் வள்ளத்தில் இருந்து நேரே கீழே விடுகிறவருக்கு ஈயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பண்ணை, அராலி, நாவற்குழி போன்ற ஆழமில்லாத இடங்களில் ஈயம் ஆடாது, விழும். மினுக்கமும் நிலைக்காது. சுரண்டிய புதுமுகம் சில நாளில் சாம்பல் நிறமாக மங்கிவிடும்; நகப்பூச்சு அடித்துத்தான் காப்பாற்றவேண்டும்.

இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை நஞ்சு. பாதிப்பே இல்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். குசினி அடுப்பில், சமைக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஈயம் உருக்குகிற வேலையை யார் செய்தாலும் தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய வாகனப் பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பது இன்னும் மோசம், அமிலமும் வேறு நச்சுப் பொருட்களும் கூடவே வரும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் போதும்: உருகிய ஈயம் பட்டதும் அது ஆவியாக வெடித்துக் கொதிக்கிற உலோகத்தை முகத்தில் எறியும். ஈயம் வேண்டியே ஆகவேண்டும் என்றால் உருக்காமல், மணியைத் தூண்டில் முள்ளின் தண்டில் வைத்துச் சுத்தியலால் தட்டி ஒட்டுங்கள், பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் இழை, அறுந்து கடலில் விடுபடும் ஈயத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். நீர்ப்பறவைகள் இரை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும்; கல்லோடு ஈயத்துண்டும் போனால் அது வயிற்றில் அரைபட்டுக் கரைந்து பறவையைக் கொல்லும். அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 28 கிராம் வரையான தூண்டில் ஈயங்களை, மிக நுண்ணியவை தவிர, 1987இல் தடை செய்தார்கள். மண்டைதீவு, அராலிச் சேற்றில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்துத் துழாவுகிற இடமும் நாங்கள் தூண்டில் போடுகிற இடமும் ஒன்றுதான். எனக்கு இது ஒன்றே ஈயத்தை ஒதுக்கப் போதும்.

அடுத்தது சில்வர்க் கரண்டி, அதாவது துருப்பிடிக்காத உருக்கு. தேத்தண்ணிக் கரண்டி ஒன்றைச் சந்தைக் கடையில் மலிவாக வாங்கலாம், பழையது என்றால் செலவே இல்லை. கிண்ணப் பகுதியை வெட்டி எடுத்தால் குழிவு தயாராகவே இருக்கிறது. கைபிடியை எறியவேண்டாம், இரண்டு முனையிலும் துளை போட்டால் அது ஒல்லியான, வேகமாக இழுக்கிற இரையாகும், சீலாவுக்கு நல்லது. உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக மினுக்கம் போகாது. இந்த நிலைப்பில் மற்ற எதுவும் அதை வெல்லாது.

ஆனால் துளை போடுவது பெரும்பாடு. துருப்பிடிக்காத உருக்கை வேகமாகத் துளைத்தால் அது சூடேறி மேலும் இறுகும், அலகு மழுங்கும். மெதுவான சுற்று, நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய், கூரான அலகு, இவை நான்கும் வேண்டும். கரண்டியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள், அலகு கவ்வினால் கரண்டி சுழன்று விரலை வெட்டும். இன்னொரு குறை, கிண்ணம் எங்கள் தேவைக்குப் பெரிது. உள்ளங்கை அளவுப் பாரைக்கு அது இரையாகத் தெரியாது. பெரிய பாரை, கொடுவா தேடுகிறவருக்கு முதல் தெரிவு. சின்ன மீனுக்கு இரண்டாவது.

பித்தளைக்கு வருகிறேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தால் எத்தனை பித்தளை! உடைந்த பூட்டின் திறப்பு, கழற்றிப் போட்ட கதவுப் பிணைச்சல், வெளியே வெள்ளிபோல் முலாம் பூசிய பழைய தண்ணீர்க் குழாய். இதில் திறப்பு ஒரு தனி வரம். துளை ஏற்கெனவே இருக்கிறது, மறுமுனையில் ஒன்று போட்டு வளையமும் முள்ளும் மாட்டினால் வேலை முடிந்தது. சின்ன மாங்காய்ப் பூட்டுத் திறப்பு எறிவதற்கும் அளவான பாரம். மேடு பள்ளமான பற்களில் ஒளி சிதறுவது மீன் செதிலின் மினுக்கத்துக்குக் கிட்ட வரும்.

தகடாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. 1 மில்லிமீற்றர்த் தடிப்பில், 35 மில்லிமீற்றர் நீளமும் 12 அகலமுமான வேப்பிலை வடிவம் வெட்டினால் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் வரும். ஒன்றரை மில்லிமீற்றர்த் தடிப்பில் நான்கு கிராமுக்குக் கிட்ட. மங்கிய சிவப்பு வரும்வரை சுடவைத்துத் தண்ணீரில் போட்டால் பித்தளை மென்மையாகும், கத்தி உருக்கைப்போல இறுகாது. பிறகு மரக்கட்டையில் குடைந்த சிறு குழியில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விரும்பிய குழிவு கிடைக்கும். குழிவு கூடினால் ஆட்டம் அகலமாகவும் மெதுவாகவும் இருக்கும். குறைந்தால் நடுக்கம் மட்டும். உருக்கோடு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரே தகட்டில் மூன்று விதமான ஆட்டம் செய்து, எந்த மீனுக்கு எது என்று பார்க்கலாம். பித்தளையின் வெற்றி எனக்கு இங்கேதான்.

சுடலாம், உருக்கக்கூடாது. பித்தளையில் உள்ள துத்தநாகம் புகையாக எழுந்து காய்ச்சல் கொண்டுவரும். மங்கினால் கவலை வேண்டாம், குத்துவிளக்குத் துலக்குகிற அதே பழப்புளி போதும். கலங்கல் தண்ணீரில் அதன் மஞ்சள் மினுக்கம் உருக்கின் வெள்ளையைவிட நன்றாக எடுபடுவதாக எனக்குத் தோன்றுகிறது. தெளிந்த தண்ணீரில் வெள்ளைதான்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பித்தளைக்காக நிலத்தில் கிடக்கும் துப்பாக்கி ரவைக் கோதுகளையோ ஏதேனும் உலோகத் துண்டுகளையோ கிளறாதீர்கள். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றினார்கள். இரும்புக்கடையில் காசு கொடுத்து ஒரு பிணைச்சல் வாங்குங்கள்.

அலுமினியமும் பேணித் தகரமும் சுருக்கமாக முடியும். சோடாப் பேணியைக் கத்தரிக்கோலாலேயே வெட்டலாம், ஆனால் தனித்து எறிய அதில் பாரம் இல்லை. கம்பியில் சுழல்கிற சிறு இதழாக, முன்னே வேறு பாரத்தோடு மாட்டினால் பயன்படும். உப்புத் தண்ணீரில் உருக்கு வளையத்தோடு தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். மீன் பேணியின் தகரம் வெட்டிய விளிம்பிலிருந்து விரைவிலேயே துருவேறும். இரண்டும் பழகுவதற்கு.

ரேடியோ திருத்துகிறவரிடம் இருக்கிற ஒட்டீயமும் ஒரு வழி. சிறு செப்புத் தகட்டில் முள்ளை வைத்து அதன்மேல் ஒரு துளி ஒட்டீயம் விட்டுக் குட்டி இரை செய்யும் முறை, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கும் ரஷ்யாவில் நெடுங்காலமாக உண்டு. ஈயம் சேராத ஒட்டீயம் 220 பாகைக்குக் கிட்ட உருகும், பெரும்பங்கு வெள்ளீயம். ஒரு கிராமுக்குக் குறைந்த இரைக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதை எறிய மெல்லிய தடி வேண்டும்.

தடியா, கைத்தூண்டிலா என்பதும் விடையை மாற்றும். பேணியில் சுற்றிய தங்கூசியைக் கையால் சுழற்றி எறிகிறவருக்கு 3 கிராம் எதற்கும் காணாது. "தம்பி, உது பாரம் காணாது, காத்துத் தள்ளிப்போடும்" என்று பாலத்தில் நிற்கிற பெரியவர்கள் சொல்வது கைத்தூண்டிலுக்கு முழு உண்மை. அவர்களுக்கு 10 கிராமுக்கு மேற்பட்ட கரண்டியோ பெரிய திறப்போதான் சரி. மெல்லிய தடியும் 0.20 மில்லிமீற்றர்த் தங்கூசியும் வைத்திருப்பவருக்கு மூன்று, நான்கு கிராம் பித்தளை சோளகத்திலும் போகும், காற்றைப் பக்கவாட்டில் எடுத்து நின்றால். தடித்த தங்கூசி கட்டினால் எவ்வளவு நல்ல தகடும் ஆடாமல் செத்துப்போகும்.

முள்ளைப் பற்றி: கடையில் வாங்குகிற இரைகளில் மூன்று முனை முள் வரும். சாதாளைக்குள் அது ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கொத்துப் புல்லைக் கொண்டுவரும். ஒற்றை முள்ளுக்கு மாற்றிவிடுங்கள். குஞ்சு மீனை உயிரோடு கழற்றி விடவும் ஒற்றை முள்தான் இலகு. முரலுக்கு மட்டும் எந்த முள்ளும் அதன் இறுகிய அலகில் லேசில் ஏறாது, எத்தனை முறை தட்டினாலும். முள்ளும் வளையமும் உப்பில் துருவேறும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவைத்தபிறகே பெட்டிக்குள் போடுங்கள். பித்தளையையும் அலுமினியத்தையும் ஒரே பெட்டிக்குள் ஈரத்தோடு போடவேண்டாம்.