தென்னையில் தொங்கிய பேலன்: எட்டு வருட அனுபவம்

போன மாதம் தேங்காய் வெட்ட ஆள் வந்தபோது, கையோடு என் ஹாம் ரேடியோவின் (அமெச்சூர் வானொலியின்) 40 மீட்டர் டைபோலின், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆன்டெனாவின், நடுப்பெட்டியையும் இறக்கித் தரச் சொன்னேன். உள்ளே இருப்பது பேலன்: கேபிளையும் ஆன்டெனாவையும் சரியாக இணைக்கும் சுருள். உச்சியைத் தென்னையில் கட்டி, இரண்டு கைகளும் கீழ்நோக்கிச் சரியும் இன்வெர்ட்டட் வி அந்த ஆன்டெனா. கப்பி துருப்பிடித்து நின்றுபோனதால் கீழேயிருந்து இறக்க வழியில்லை. பெட்டி ஏறியது 2020 புரட்டாசியில். நாகர்கோவில் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஐந்து வருடத்தில் பத்து மழைக்காலம் பார்த்த பெட்டி. திறந்தால் உள்ளே கொஞ்சம் எறும்பு மண், ஒரு நட்டில் லேசான கறுப்பு, மற்றபடி சுற்றினது சுற்றினபடி இருந்தது. நானோ வி.என்.ஏ. என்ற சிறு அளவுக்கருவியில் மாட்டி 7.1 மெகாஹெர்ட்ஸில் அதன் தடுப்பைப் பார்த்தேன். ஏற்றிய அன்று நோட்டில் குறித்ததற்கும் இன்றைக்கும் ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை.

வீட்டில் சுற்றிய பேலன்களில் இந்த ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். மற்றவற்றுக்கு நிபந்தனை உண்டு.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் பேலனின் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) விகிதத்தைப் பற்றி முதலில் கேட்பது, "1:1 போடவா, 4:1 போடவா?" நானும் 2017-ல் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறதா? கோஆக்ஸ் கேபிளில் பார்வைக்கு இரண்டு கடத்திகள்தான்: நடுக்கம்பி, அதைச் சுற்றிய பின்னல் உறை. ஆனால் உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் என்பதால், பின்னல் உறையின் உள்பக்கம் ஒரு கடத்தி, வெளிப்பக்கம் இன்னொரு கடத்தி என்று ஆகிவிடும். டைபோலின் ஒரு கையை அந்த உறையில் சேர்க்கிறோம் அல்லவா, அங்கே வந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வழி: கைக்கும் போகலாம், கேபிளின் வெளிப்பக்கமாக வீட்டுக்குள்ளும் இறங்கலாம். இறங்கினால் கேபிளும் ஆன்டெனாதான்.

பேலன் இல்லாமல் ஓட்டிய முதல் ஆறு மாதத்தில் அதை உடம்பிலேயே உணர்ந்தேன். மைக்கின் உலோகக் கூட்டில் உதடு பட்டால் சுரீர் என்று சுட்டது. அனுப்பும்போதெல்லாம் கம்ப்யூட்டர் கீபோர்டு உறைந்து நின்றது. கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்புவதைக் காட்டும் அளவு) மாறியது. கடைசியாகச் சொன்னதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். குறைந்த பவரில் வைத்து கேபிளைப் பிடித்துப் பாருங்கள். மீட்டரின் முள் அசைந்தால் சோக், அதாவது வெளித்தோல் மின்னோட்டத்தை மறிக்கும் 1:1 பேலன், தேவை.

முதலில் செய்தது காற்றுச் சுருள். நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஆறு மீட்டர் ஆர்.ஜி. 213 கேபிளைச் சுற்றினேன். காசு செலவில்லை, வேலையும் செய்தது. ஆனால் அது சுயமாக ஒத்ததிரும் இடத்தை ஒட்டித்தான் தடுப்பு பலமாக இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக அமைந்தது 21-ல் அப்படியே கைவிட்டது. கேபிள் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் ஆன்டெனாவின் நடுவும் தொய்ந்தது. ஒரே பேண்டில் பேசுபவர், நடுவில் தூண் வைத்திருப்பவர் என்றால் இன்றைக்கும் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது பழைய டிவியின் டிஃப்ளெக்ஷன் யோக்கிலிருந்து (படக்குழாயின் கழுத்துச் சுருளிலிருந்து) எடுத்த ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம். மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டு வாங்கிய 18 கேஜ் இனாமல் கம்பியில், மூன்று இழை சேர்த்துச் சுற்றிய, டிரான்ஸ்ஃபார்மர் போல வேலை செய்யும் வோல்டேஜ் பேலன். பத்து வாட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. நூறு வாட்டில் இரண்டு நிமிடம் பேசினால் எஸ்.டபிள்யூ.ஆர். மெல்ல ஏறும், விட்டு ஆறினால் இறங்கும். கீழே இறக்கித் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. டிவி வளையங்கள் உயர் அதிர்வெண்ணுக்கானவை அல்ல. கிலோஹெர்ட்ஸ் வேலைக்கென்று செய்தவை. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் ஃபெரைட்டின் காந்தத் தன்மையே போய்விடும், ஆறினதும் திரும்பி வரும்.

அப்போதுதான் எங்கள் பகுதியின் மூத்த ஹாம் அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "தம்பி, அந்த வளையத்தத் தூரப் போடாதீங்க. அதுல டிரான்ஸ்ஃபார்மர் சுத்துனீங்க, அதான் தப்பு. கோஆக்ஸச் சுத்துங்க." சுற்றினேன். அதே வளையம், அதே நூறு வாட், சூடே இல்லை. காரணம் யோசித்தால் அழகானது. கோஆக்ஸுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிரெதிராக இருப்பதால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். நாம் அனுப்பும் பவரை ஃபெரைட் பார்ப்பதே இல்லை. வெளித்தோலில் திருட்டுத்தனமாக ஓடுவதை மட்டுமே அது பார்க்கிறது, அதை மட்டுமே மறிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கேடான அந்த இழப்புத் தன்மை சோக்குக்கு வரம். சுவிஸ் பொறியாளர் குவானெல்லா 1944-ல் எழுதிவைத்ததன் சாரம் இதுதான். ஒரு பழைய வளையத்தில் அதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட நாளை நான் மறக்கவில்லை.

இப்போது இறக்கிய பெட்டியில் இருப்பது எஃப்.டி. 240-43: 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம், 43 என்ற கலவை. அதில் பன்னிரண்டு சுற்று. ஆறு சுற்று முடிந்ததும் வளையத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் ஆறு. குறுக்கே கடப்பதால் மின்னியலில் பெரிய லாபம் நான் காணவில்லை. உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் எதிரெதிரே அமைவது பெட்டியில் பொருத்த வசதி, அவ்வளவுதான். 7 மெகாஹெர்ட்ஸில் 30 டெசிபலுக்குச் சற்று மேல் தடுக்கிறது. இரண்டு பக்கமும் 50 ஓம் இருக்கும் வி.என்.ஏ. அளவீட்டில் 30 டெசிபல் என்றால் ஏறக்குறைய 3000 ஓம். 28 மெகாஹெர்ட்ஸில் (10 மீட்டர் பேண்டில்) இது குறைகிறது, சுற்றுகளுக்கு இடையே உள்ள மின்தேக்கம் வழிவிட்டுவிடுகிறது. 10 மீட்டரே முக்கியம் என்பவர் சுற்றுகளைக் குறைக்கலாம். 80 மீட்டரும் 40-உம்தான் என்றால் 31 கலவை இன்னும் நல்லது.

பன்னிரண்டு சுற்றை முதலில் ஆர்.ஜி. 58-இல்தான் சுற்றியிருந்தேன். இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கத்திரி வெயிலில் எஸ்.டபிள்யூ.ஆர். தாறுமாறாக ஆட, அறுத்துப் பார்த்தால், வளைவில் பாலித்தீன் இளகி நடுக்கம்பி ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அவ்வளவு இறுக்கமான வளைவுக்கு அந்த கேபிள் ஏற்றதல்ல. அதனால்தான் 2020 பெட்டியில் டெஃப்லான் காப்பிட்ட ஆர்.ஜி. 400. விலை அதிகம், ஆனால் தேவை ஒரு மீட்டர்தான். அது கிடைக்காவிட்டால் இரண்டு இனாமல் கம்பிகளை ஒட்டவைத்துச் சுற்றலாம். அந்த ஜோடியின் இம்பீடன்ஸ் 50 ஓமுக்கு அருகேதான் வரும்.

வளையம் வாங்கும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை 43 என்று கேட்டு வாங்கியது 43 இல்லை. ஃபெரைட்டைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. பத்து சுற்று சுற்றி எல்.சி. மீட்டரில் வையுங்கள். எஃப்.டி. 240-43 என்றால் 100 மைக்ரோஹென்றியை ஒட்டி வரும். சிவப்பு வண்ணம் பூசிய டி 200-2 இரும்புத்தூள் வளையம் அதே பத்து சுற்றுக்கு 1.2 மைக்ரோஹென்றிதான் காட்டும். சிவப்பு வளையத்தில் 1:1 சோக் சுற்றச் சொல்லும் குறிப்புகள் இன்னும் சுற்றி வருகின்றன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வேண்டாம் என்று புரியும்.

4:1 ஒன்றும் செய்தேன், இரண்டு வளையத்தில், குவானெல்லா முறையில். ஆன்டெனாப் பக்கம் 200 ஓம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். கம்பி நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் கேபிள் சேரும் ஆன்டெனாவுக்குப் பொருந்தும். சாதாரண டைபோலில் அதை மாட்டினால் இருந்த பொருத்தமும் கெடும். இப்போது அலமாரியில் இருக்கிறது.

அதிகம் உழைத்த இன்னொன்று, மொட்டைமாடியில், ஒரு முனையில் மட்டும் ஊட்டும் கம்பி ஆன்டெனாவுக்கான 49:1 டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு சுற்றுக்குப் பதினான்கு, முதன்மைச் சுற்றின் குறுக்கே 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், இருபது மீட்டர் கம்பி. 40, 20, 15, 10 நான்கும் டியூனர் இல்லாமல் கிடைத்தன. நூறு வாட்டில் கம்பியின் அந்த முனையில் ஏறக்குறைய 500 வோல்ட் நிற்கும். கெப்பாசிட்டர் 3 கிலோவோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், பிள்ளைகள் கைபடும் உயரத்தில் கம்பி இருக்கவே கூடாது. இது உண்மையான டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் ஃபெரைட் இழப்பும் உண்மையானது. பேசும்போது தெரியாது. எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டரை வினாடிக்கு மேல் முழுப் பவர் போகும், அரை மணியில் ஒற்றை வளையம் கொதித்தது. இரண்டு வளையங்களை அடுக்கிச் சுற்றிய பிறகு ஐம்பது வாட்டுக்கு வெதுவெதுப்போடு நிற்கிறது. இதற்கும் கேபிளில் தனியாக ஒரு சோக் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி வைக்காமல், கேபிளில் சில மீட்டர் தள்ளி வைத்தேன்.

சோக்கின் பெரிய பலனை நான் எதிர்பார்த்த இடத்தில் பெறவில்லை. பெற்றது ரிசீவரில். தெருவின் எல்.ஈ.டி. விளக்கு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், நம் வீட்டு மொபைல் சார்ஜர் என்று எல்லா இரைச்சலும் கேபிளின் வெளித்தோல் வழியாக ஏறி ஆன்டெனாவுக்குப் போய்த்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. உச்சியில் ஒரு சோக், ரேடியோ அறைக்குள் கேபிள் நுழையும் இடத்தில் இன்னொன்று வைத்ததும், மாலை நேர இரைச்சல் ரிசீவரின் சிக்னல் மீட்டரில் எஸ்7-லிருந்து எஸ்5-க்கு இறங்கியது. அதுவரை கேட்காத மெல்லிய குரல்கள் கேட்டன. பவரை இரட்டிப்பாக்கினால்கூட இந்தச் சந்தோஷம் வராது.

மழைக்கு வருகிறேன். என் பேலன்களில் மின்னியல் கோளாறில் போனவை ஒன்றிரண்டு, தண்ணீரில் போனவை அதைவிட அதிகம். ஆரம்பத்தில் கடையில் கிடைத்த சிலிகானைப் பூசினேன். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் செம்பை அரிக்கும். ஒரே மழைக்காலத்தில் இணைப்பெல்லாம் பச்சை படர்ந்திருந்தது. வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண டேப். சாதாரண டேப் மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் பசை உருகி வழிந்துவிடும். பெட்டியை முழுக்க அடைத்து மூடாதீர்கள். எப்படி அடைத்தாலும் ஈரக்காற்று உள்ளே போய் இரவில் நீராகும். அடியில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும். ஆனால் அந்த ஓட்டையைக் குளவியும் எறும்பும் கண்டுபிடித்துவிடும், கொசுவலைத் துண்டு ஒட்ட வேண்டும். இந்தப் பெட்டியில் நான் ஒட்ட மறந்தது அதுதான், எறும்பு மண் வந்தது அந்த வழியாகத்தான். கம்பியின் இழுவை ஜங்ஷன் பாக்ஸ் மேல் விழாமல், இரண்டு கைகளையும் நைலான் கயிற்றால் பெட்டிக்கு வெளியே இணைத்துவிட வேண்டும்.

வலை ஒட்டியாயிற்று, கறுத்த நட்டை மாற்றியாயிற்று, துருப்பிடித்த கப்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கப்பியும் வாங்கியாயிற்று. மரமேறுபவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் பெட்டி மேலே போயாக வேண்டும்.