கையால் டிஎன்ஏ அரே அச்சிடும் ஊசிக் கருவி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிஎன்ஏ அரே என்பது, தெரிந்த டிஎன்ஏ துண்டுகளை வரிசையாகப் புள்ளியிட்டு, அவற்றோடு பொருந்தும் டிஎன்ஏ மாதிரியில் இருக்கிறதா என்று பார்ப்பது. அதை அச்சிடும் ரோபோ எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. இருப்பது, டிஎன்ஏ கரைசல் உள்ள குழித்தட்டில் தோய்த்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒற்றும் கை ஊசிக் கருவிதான். ஊசிகள் சட்டத்தில் தளர்வாகத் தொங்குவதால் ஒவ்வொன்றும் தன் எடையில்தான் ஸ்லைடைத் தொடும். கை அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் புள்ளியின் அளவு பெரிதாக மாறாது. சில நூறு ப்ரோப் (புள்ளியாக வைக்கும் டிஎன்ஏ துண்டு) போதும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் இது சரிப்படாது.

கருவியை விட ஸ்லைடுதான் வேலை வாங்கும். 1990களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டின் பேட்ரிக் பிரவுன் ஆய்வகம், ரோபோவை நாமே கட்டிக்கொள்ளும் வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டது. அவர்களுடைய பூச்சு முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். சாதாரண மைக்ராஸ்கோப் ஸ்லைடை ஆல்கஹால் கலந்த காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, தண்ணீரில் நன்றாக அலசி, டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் பாலி-லைசின் பூசி, இரண்டு வாரமாவது வைத்திருந்து எடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கவே கூடாது. பழசாகி மங்கலாகத் தெரியும் ஸ்லைடையும் ஒதுக்கிவிடுங்கள், பின்னணி ஒளி கூடிவிடும்.

அப்புறம் புள்ளியின் வடிவம். உப்புக் கரைசலில் மட்டும் அச்சிட்டால் காயும்போது டிஎன்ஏ ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகிவிடும். ஏசி ஓடும் அறையில் இது இன்னும் மோசம். பாதிக்குப் பாதி டிஎம்எஸ்ஓ என்ற, எளிதில் ஆவியாகாத கரைப்பானைக் கலந்தால் மெதுவாகக் காயும், புள்ளியும் நிறைவாக விழும். டிஎன்ஏயின் இரு இழைகளும் பிரிந்திருக்க அது உதவுவது கூடுதல் லாபம்.

ஒவ்வொரு ப்ரோப் தொகுதிக்குப் பிறகும் ஊசிகளைத் தண்ணீரில் அலசி, நாரில்லாத ஒற்றுத்தாளில் ஒற்றி, எத்தனாலில் தோய்த்து உலர்த்த வேண்டும். கழுவியது போதுமா என்று பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏவை அச்சிட்டுக் கழுவிவிட்டு, அடுத்து டிஎன்ஏ இல்லாத வெறும் பஃபர் கரைசலை ஒற்றிப் பாருங்கள். அங்கே ஒளி தெரிந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.

ஊசிக் கருவி மலிவுதான். பணம் கரைவது, புள்ளிகளின் ஒளியைப் படிக்கும் லேசர் ஸ்கேனரில். மாதிரியில் ஏற்றும் சை5 என்ற ஒளிரும் சாயம் வேறு, காற்றில் ஓசோன் கொஞ்சம் கூடினாலே மங்கும். மாணவர் பயிற்சிக்கு நாங்கள் நைலான் சவ்வுக்கு மாறிவிட்டோம். பயோட்டின் ஏற்றிய மாதிரி, ஸ்ட்ரெப்டாவிடினோடு (பயோட்டினை இறுகப் பற்றும் புரதம்) இணைத்த அல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதி, ஊதா நிறம் தரும் வினைப்பொருள்: இவ்வளவு போதும். அலுவலக பிளாட்பெட் ஸ்கேனரிலேயே படம் எடுத்துவிடலாம். நுண்ணுணர்வு குறைவுதான், ஆனால் பிசிஆரில் பெருக்கிய மாதிரிக்குத் தாராளம். வாங்கும்போது உபரி ஊசிகளையும் சேர்த்தே கேளுங்கள்; முனை வளைந்த ஊசியை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்த முடியாது.