பழைய கராஜ் வளவு: மூடிவிடுவதா, தோண்டி எடுப்பதா?

எண்ணெய் ஊறிப்போன பழைய லொறி கராஜ் வளவொன்றை மீண்டும் குடியிருப்புக்கு ஏற்றதாக்க நினைப்பவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே வைக்கப்படுகின்றன. கெட்ட மண்ணை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே களியும் கிராவலும் பரப்பியோ கொங்கிறீற் போட்டோ மூடிவிடுவது ஒரு வழி. கெட்ட பகுதியை மட்டும் அடையாளம் கண்டு தோண்டி எடுத்து, புது மணல் நிரப்புவது மற்ற வழி. மட்டக்களப்பில் கல்லடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் உள்ள எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முன் இந்தக் கேள்வி வந்தபோது, நாங்கள் தோண்டி எடுப்பதையே தேர்ந்தோம். எங்கள் பகுதி போன்ற மணற்பாங்கான ஊர்களுக்கு அதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

மூடுவது மலிவானது, விரைவானது, அயலுக்குத் தூசியும் மணமும் குறைந்தது. இவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மரஞ்செடிகளை நட்டு மண்ணைச் சுத்தப்படுத்தலாம் என்றும் சிலர் கூறினார்கள். வேர் எட்டாத ஆழத்திலுள்ள எண்ணெய்க்கு அது உதவாது என்பதால் அதை நாங்கள் நீண்ட நேரம் ஆராயவில்லை.

எந்த வழியானாலும் முதலில் காணியை அறிந்தாக வேண்டும். பற்றரி உடைத்த இடம் எது, எஞ்சின் ஒயில் ஊற்றிய குழி எது, டீசல் பீப்பாய்கள் எங்கே நின்றன என்பவற்றை அங்கு முன்பு வேலை செய்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், கண்ட இடத்திலெல்லாம் துளையிட்டுப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. பிறகு கைத்துளைப்பான் கொண்டு நீர்மட்டம் வரை மண் எடுத்துப் பார்க்க வேண்டும். குழியில் ஊறிய நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள்: கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்து அப்படியே பிரிந்து நின்றால் அது இரும்புச்சத்தை உண்ணும் பக்டீரியாவின் வேலை, கலைத்தபின் மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். இது முதற்கட்டச் சோதனைதான். பெற்றோலில் உள்ள பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கான நீர் மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், மணம் தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு நீர் நல்லது என்று சொல்ல முடியாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது நிலத்தடி நீர்தான். மூடி என்பது மேலிருந்து விழும் மழையை மட்டுமே தடுக்கும். நம் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் பெய்கிறது. அந்த மாதங்களில் மணலுக்குள் இருக்கும் நீர் மேலெழுந்து, பள்ளமான வளவுகளில் தரையையே எட்டிவிடும். டீசலும் பெற்றோலும் நீரைவிட இலேசானவை. ஆகவே அவை நீர்மட்டத்தின் மேல் மிதந்து, மாரியில் நீரோடு ஏறி, கோடையில் நீரோடு இறங்கி, இடைப்பட்ட மணல் முழுவதிலும் பூசப்படுகின்றன. அந்தப் பூச்சிலிருந்து கரையக்கூடியவை ஒவ்வொரு மாரியிலும் சிறிது சிறிதாகக் கரைந்து அயல் கிணறுகளின் பக்கம் நகரும். மேலே எவ்வளவு தடிப்பான கொங்கிறீற் போட்டாலும் கீழிருந்து வந்து நனைக்கும் நீரை அது தடுக்கப் போவதில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறதே என்று கேட்கலாம். குழாய் நீர் வந்த பின்னும் குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு இறைக்கக் கிணறுதான் பயன்படுகிறது. குழாய்க்கட்டணம் கட்ட இயலாத வீடுகளில் குடிப்பதும் அதே நீர்தான்.

மண்ணுக்கு ஏற்ப ஆபத்தின் போக்கும் மாறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அங்கே சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக நீர் விரைந்து ஓடும். இங்கே மணல் வடிகட்டிபோல் எண்ணெயைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. அதனால் கெட்ட பகுதி ஓரளவு ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதும், அதைத் தோண்டி எடுக்க முடிகிறது என்பதும் நமக்குள்ள ஒரே வசதி. 2004 சுனாமிக்குப் பின் உவர்நீர் புகுந்த கிணறுகளை அளவுமீறி இறைத்ததால் கீழிருந்த உவர்நீர் மேலேறிய அனுபவமும் இந்தக் கரையோரத்துக்கு உண்டு. ஆகவே மண்ணை விட்டுவிட்டு நீரை மட்டும் இறைத்துச் சுத்தப்படுத்தும் யோசனையையும் நான் ஏற்கவில்லை.

மூடியைக் காப்பது வேறொரு சிக்கல். வறுமைப்பட்ட குடியிருப்பில் ஒரு துண்டுக் காணி கிடைத்தால் அதில் கிணறு வெட்டுவார்கள், மலசலகூடக் குழி தோண்டுவார்கள், வேலிக்குக் கட்டை நடுவார்கள், வாழை வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காணி உறுதியில் நான்கு எல்லையும் பரப்பளவும் இருக்கும். நிலத்துக்குக் கீழே என்ன மூடப்பட்டிருக்கிறது என்பது இராது. வளவு கைமாறியதும் அந்தச் செய்தி தொலைந்துவிடும்.

தோண்டுவதற்குரிய காலம் ஆகஸ்ட், செப்டெம்பர். நீர் ஆகக் கீழே நிற்கும் அந்த நாட்களில் எண்ணெய் பூசிய மணல் முழுவதும் கைக்கு எட்டும். மணல் சரியும் என்பதால் குழியின் பக்கங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும்; அயல் மதிலின் அத்திவாரத்துக்கு அருகே போகக் கூடாது. எடுத்த மண்ணை ஒன்றாகக் குவிக்காமல் இரண்டாகப் பிரிப்பது மிக முக்கியம். பற்றரி ஈயம் கலந்த மேல்மண் ஆபத்தான கழிவு. 2008 ஆம் ஆண்டின் 1534/18 இலக்க வர்த்தமானி விதிகளின் கீழ் வரும் அத்தகைய கழிவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமமின்றி ஏற்றிச் செல்லக் கூடாது. டீசல் மண்ணைக் கனமான பொலித்தீன் விரிப்பின் மேல் தாழ்ந்த மேடாகப் போட்டு, மாட்டெருவும் வைக்கோலும் கலந்து, ஈரப்பதம் பார்த்துப் புரட்டிவந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே பல மாதங்களில் எண்ணெயின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மழை தொடங்குமுன் மேட்டை மூடிக் கட்ட வேண்டும். இல்லையேல் குழியிலிருந்து எடுத்ததை நாமே மீண்டும் மணலுக்குள் கழுவி அனுப்பியவர்களாவோம்.

பழைய எஞ்சின் ஒயிலின் கனமான பகுதி டீசலைவிட மிக மெதுவாகவே சிதையும், முழுவதும் போய்விடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பாகங்களைக் கழுவப் பயன்பட்ட குளோரின் கலந்த கரைப்பான்கள் நீரைவிடப் பாரமானவை. அவை இறங்கிய ஆழத்துக்கு எங்கள் தோண்டல் எட்டாது. அப்படி ஒன்று அகப்பட்டால் அனுபவமுள்ள நிலத்தடி நீரியலாளரை அழைப்பதே முறை.

அம்பாறைப் பக்கத்து வயலோரக் களிமண் காணிகளில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. ஈயம் மட்டும் உள்ள, நீர் மேலெழாத மேட்டுக் காணி என்றால் மூடுவதும் பொருத்தமாக இருக்கலாம். அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கா 1994 முதல் வைத்திருந்த கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்ற வழிகாட்டி அளவு 2024 இல் 200 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று போதும் என்று விடும் அளவு நாளை போதாததாகலாம். ஆகவே மூடுபவர்கள் கீழே விட்டுவைத்த ஈயத்தின் அளவையும் இடத்தையும் காணி வரைபடத்தில் குறித்து, அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.