குடோன்ல லிஃப்ட் மெஷின் போட்டு ரெண்டரை வருஷம் ஆச்சு, திருப்பூர் அனுபவம்

நாங்க திருப்பூர்ல குழந்தைங்க உடுப்பு ஆன்லைன்ல விக்கிறோம். பாதி நம்ம யூனிட்லயே தைக்கிறது, பாதி ஜாப் ஒர்க், அதாவது வெளிய கூலிக்குத் தைக்கக் குடுக்கிறது. 2022 தீபாவளி வரைக்கும் எல்லாமே சாதா இரும்பு ரேக்குதான், எந்த ரேக்குல எந்த சைஸ் இருக்குன்னு ரெண்டு ஒடிசா பசங்க தலைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. அவங்க தீபாவளிக்கு ஊருக்குப் போனாங்க, ஸ்டாக்கும் கூடவே ரயிலேறிப் போன மாதிரி ஆயிடுச்சு. ஒரு நாளைக்கு 250 ஆர்டர் போற இடத்துல 700 வருது, நானும் என் வீட்டுக்காரரும் ஏணி போட்டு ஏறி பண்டலைப் பிரிச்சுப் பிரிச்சு தேடுறோம். கேன்சல் ஆனது போக, போனதுலயும் 2-3 வயசுக்குப் பதிலா 3-4 வயசு சைஸ் போயி திரும்பி வந்தது தனி. அந்த கடுப்புலதான் அடுத்த வருஷம் இந்த மெஷின் வாங்கினோம். கம்பெனி பேர் சொல்லலை, வேணாம்.

மெஷின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஏழு மீட்டர் உயரத்துல ஒரு இரும்பு பீரோன்னு வச்சுக்குங்க. முன்னாடி ஒரு வரிசை ட்ரே, பின்னாடி ஒரு வரிசை, நடுவுல லிஃப்ட். ஸ்கிரீன்ல நம்பர் தட்டினா லிஃப்ட் போயி அந்த ட்ரேயை இழுத்து நம்ம இடுப்பு உயரத்துல கொண்டாந்து வைக்கும். நம்மகிட்ட 52 ட்ரே, ட்ரேக்கு 36 தடுப்பு. நம்ம டிசைன் சுமார் 60தான், ஆனா 5 கலர், 6 சைஸ்னு பெருக்கினா 1800 ரகம் வந்துடுது பாருங்க, அந்தக் கணக்குலதான் இந்த சைஸ் மெஷின் எடுத்தோம். ஜிஎஸ்டி இல்லாம 38 லட்சம். அது போக தளத்தை உடைச்சு காங்கிரீட் போட்டதுக்குத் தனியா ஒரு செலவு, கொட்டேஷன்ல அது இல்லை, நாங்களும் கேக்கலை. ஏழு மீட்டர் உயரத்துல தரை கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் மேல ட்ரே ஒழுங்கா உள்ள போகாது, அதனால அதுல மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க.

நாங்க செஞ்ச பெரிய தப்பு, எல்லா ஸ்டாக்கையும் உள்ள போட்டது. ஒரு ட்ரே உள்ள போயி அடுத்த ட்ரே வர முக்கால் நிமிஷம் ஆகும். எவ்வளவு ஓட்டினாலும் மணிக்கு எழுபது எண்பது ட்ரேக்கு மேல எங்களுக்கு வரலை. நம்மகிட்ட ஒரு ஏழெட்டு ரகம்தான் தினமும் பாதி ஆர்டர் வாங்கிக்கும், கறுப்பு லெக்கிங்ஸ், வெள்ளை பனியன் செட் இந்த மாதிரி. அதுவும் மெஷினுக்குள்ள போச்சா, லெக்கிங்ஸ் ட்ரே வெளிய நிக்கும்போது வேற ஒண்ணும் எடுக்க முடியாது, பேக்கிங் அக்காங்க நாலு பேர் கையக் கட்டிட்டு மெஷினையே பாத்துட்டு நிப்பாங்க. ரேஷன் கடை க்யூ மாதிரி. ஒரு ஆறு மாசம் இப்படியே ஓட்டினோம்னு சொல்லவே வெக்கமா இருக்கு. அப்புறம் ஒரு அக்காதான், "ஏனுங்க, ஓடுற சரக்க எங்க டேபிளுக்குப் பக்கத்துலயே போட்டுருங்களே, இது எதுக்கு மேல ஏறி எறங்கோணும்?"ன்னாங்க. அவ்வளவுதான் விஷயம். வேகமா போற சரக்கு பழைய ரேக்குக்கே திரும்பி வந்துச்சு, ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு போற ரகம் எல்லாம் மெஷினுக்குள்ள. கூடவே ஆர்டரை ஒண்ணொண்ணா எடுக்காம முப்பது முப்பதா சேத்து ட்ரே நம்பர் வரிசையில எடுக்க ஆரம்பிச்சோம், ஒரு ட்ரே வந்தா அந்த முப்பதுல அதுக்கு வேணுங்கிறது எல்லாம் ஒரே தடவைல எடுத்துடலாம். 2022ல எட்டு பேர் திணறின ஆர்டரை இப்ப அஞ்சு பேர் சாயங்காலம் வண்டி வர்றதுக்குள்ள முடிச்சுடுறாங்க.

துணி வியாபாரத்துக்குன்னே ரெண்டு தொந்தரவு இருக்கு. ஒண்ணு, கவர். ட்ரே உள்ள போகும்போது சரக்கோட உயரத்தை மெஷின் சென்சார்ல அளந்து, அதுக்குத் தக்க இடத்தை 25 மில்லிமீட்டர் கணக்குல ஒதுக்கும். நம்ம பாலிபேக்ல காத்து நிறைஞ்சு உப்பிட்டு நின்னா, ஒரே ஒரு கவர் அஞ்சு சென்டிமீட்டர் தூக்கிட்டு இருந்தாலும், மெஷின் மொத்த ட்ரேயும் அவ்வளவு உயரம்னு நினைச்சு இடத்தை விட்டுடும். மூணாவது மாசமே இடமில்லைன்னு சிவப்பு லைட் எரிஞ்சுது, உள்ள பாதி காத்துதான். ஓட்டை போட்ட கவருக்கு மாறினதும் சரியாச்சு, கவருக்கு சில பைசாதான் வித்தியாசம். ட்ரே எவ்வளவு கிலோ தாங்கும்னு சேல்ஸ்காரர் பெருமையா சொன்னாரு, எங்களுக்கு அது வேஸ்ட்டுங்க. ட்ரே நெறய துணி வச்சாலும் அறுபது கிலோ தாண்டாது. இரும்பு உதிரி பாகம் வைக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு, நாங்க அதுக்கும் சேத்து காசு குடுத்துட்டோம்.

இன்னொண்ணு பஞ்சு தூசி. பக்கத்து ஷெட்லதான் கட்டிங், தூசி பறந்து வந்து சென்சார் கண்ணாடியில ஒட்டிக்கும், யாரோ உள்ள கை நீட்டிட்டு இருக்காங்கன்னு மெஷின் நினைச்சு அப்படியே நின்னுடும். முதல் தடவை சர்வீஸ் ஆள் கோயமுத்தூர்ல இருந்து வந்து ஒரு துணியால துடைச்சுட்டு பில் போட்டுட்டுப் போனாரு. இப்ப காலைல மெஷின் ஆன் பண்றதுக்கு முன்னாடி துடைக்கிறது எங்க வாட்ச்மேன் வேலை.

கரண்ட் போனா ட்ரே உள்ளேயே மாட்டிக்கும், பழைய ரேக்கா இருந்தா டார்ச் அடிச்சாவது எடுத்துடலாம். ஜெனரேட்டர் மாத்துற அந்த கேப்ல கம்ப்யூட்டரும் ஆஃப் ஆகி, எந்த ட்ரே எங்க இருக்குன்னு மறுபடி ஒத்துப் பாக்க அரை மணி நேரம் போச்சு ஒரு நாள். கம்ப்யூட்டருக்குத் தனியா ஒரு யூபிஎஸ் வச்சதும் அந்தப் பிரச்சனை தீந்துச்சு.

உண்மையில லாபம் எங்கன்னு கேட்டா நான் வேகத்தைச் சொல்ல மாட்டேன், எண்ணிக்கைதான். பிற்பகல் மெஷின் சும்மா இருக்கிற நேரத்துல தினமும் ரெண்டு ட்ரே எடுத்து எண்ணுறோம், 26 வேலை நாள்ல மொத்த மெஷினும் ஒரு ரவுண்டு வந்துடும். வருஷத்துக்கு ஒரு தடவை குடோனை மூடி ஸ்டாக் எடுத்த காலம் போச்சு. ஆனா ரிட்டர்ன் சரக்கை மட்டும் நம்பாதீங்க. கவர் மேல ஸ்டிக்கர் 3-4 இருக்கும், உள்ள 2-3 இருக்கும். பிரிச்சுப் பாக்காம அப்படியே ட்ரேல வச்சா மெஷின் அந்தத் தப்பையே பத்திரமா வச்சிருந்து அடுத்த கஸ்டமருக்கு அனுப்பும். அதனால ரிட்டர்னைப் பிரிச்சு, லேபிள் பாத்து, மறுபடி மடிச்சு, புது ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ஆள் முழு நேரமா உக்காந்திருக்காங்க. அந்த வேலையை எந்த மெஷினும் குறைக்கலை.

ரோபோ வாங்கலாமேன்னு தெரிஞ்சவங்க கேப்பாங்க. அமேசான் 2012ல கிவாங்கிற ரோபோ கம்பெனியையே 77.5 கோடி டாலர் குடுத்து வாங்கினாங்க, அது அவங்க அளவு, நம்ம 700 ஆர்டருக்கு ரோபோ ஓடுற தரையும் சாஃப்ட்வேரும் கட்டி வராது. தீ விஷயத்துல மட்டும் பெரிய ஆளுங்களைப் பாத்துக் கத்துக்க வேண்டியது இருக்கு. லண்டன்ல எரித்ங்கிற இடத்துல ஒகாடோங்கிற ஆன்லைன் மளிகை கம்பெனியோட குடோன்ல 2021ல மூணு ரோபோ மோதி தீப்பிடிச்சுது. நம்மளது ரோபோ இல்லைதான், ஆனா ஏழு மீட்டர் உயரத்துக்கு மூடின இரும்புப் பெட்டி, உள்ள முழுக்க துணியும் பிளாஸ்டிக் கவரும், எரிஞ்சா வெளிய தெரியறதுக்கே நேரமாகும். இன்சூரன்ஸ்காரர் கேட்ட அப்புறம்தான் உள்ள புகை சென்சார் போட்டோம், முதல்லயே போட்டிருக்கணும்.

ஒரு நாளைக்கு 300 ஆர்டருக்குக் கீழ இருந்தா இந்த மெஷின் வாங்காதீங்க, ரேக்குக்கு நம்பர் எழுதி ஒட்டி பார்கோடு ஸ்கேனர் ரெண்டு வாங்குங்க, பாதி பிரச்சனை அதுலயே போயிடும். எங்களுக்கு ரெண்டாவது மெஷினுக்குக் கொட்டேஷன் வந்திருக்கு. வீட்டுக்காரர் வாங்கலாங்கிறாரு. நான் அந்தக் காசுல ரிட்டர்ன் பிரிக்க இன்னும் ரெண்டு டேபிளும் ஆளும் போடலாங்கிறேன், ஆடி வரைக்கும் பாத்துட்டு முடிவு பண்ணணும்.