டுரியானைக் கூட்டாக வாங்கலாம், மின்சாரத்தை முடியாது: ஈசூனில் ஒரு விடுமுறை

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் டுரியான் வருகிறது, மீன் வருகிறது, ஜோகூரிலிருந்து பூச்செடி வருகிறது, இருபது பேர் பெயர் கொடுத்தால் விலை குறையும், சாயங்காலம் புளோக்குக்குக் கீழே வந்து பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி எதையும் சேர்ந்து வாங்கத் தெரிந்த ஊரில், மாதாமாதம் எல்லா வீட்டிலும் காசு போகிற மின்சாரத்தை மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்குகிறார்கள்? கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் குடியிருக்கிறேன், அங்கே ஊரே சேர்ந்து மின்சாரம் வாங்குகிறது, அதனால்தான் இந்த ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போனபோது இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சாப்பாட்டுப் படம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

முதலில் சிங்கப்பூர்க் கதை. வெகுகாலம் மின்சாரம் என்றால் பியூபி, அதாவது அரசின் பொதுப் பயனீட்டுக் கழகம். 1995-இல் அது சிங்கப்பூர் பவருக்குப் போனது, இன்றைக்கு எஸ்பி குழுமம். அம்மா இன்றும் 'பியூபி பில் வந்திருச்சா' என்றுதான் கேட்பார். 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முதலில் வெள்ளோட்டம் விட்டு, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து வட்டாரம் வட்டாரமாக, 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். ஈசூனும் உட்லண்ட்ஸும் முதல் சுற்றிலேயே வந்துவிட்டன. கம்பியும் மீட்டரும் எஸ்பியுடையதே, மின்சாரத்தை விற்பவரை மட்டும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும் ஒன்றும் ஆகாது, எஸ்பியிடமே இருப்போம், எரிசக்திச் சந்தை ஆணையம் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டணத்தைக் கட்டுவோம். அந்தக் காலத்தில் எங்கு பார்த்தாலும் விற்பனை மேசைகள், கடைத்தொகுதி வாசலில், எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில், கையெழுத்துப் போட்டால் பற்றுச்சீட்டு, சில இடத்தில் ஏதாவது வீட்டுச் சாமான். எஸ்பி கட்டணத்தைவிட 20 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்றால் யார்தான் விடுவார்கள், அப்பாவும் மாறினார்.

அப்புறம் 2021. உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது, இந்தோனேசியாவிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவிலும் தடங்கல், சிங்கப்பூர் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 சதவீதம் எரிவாயுவிலிருந்தே வருகிறது என்பதால் மொத்த விலை அரைமணிக்கு ஒரு தடவை துள்ளிக் குதித்தது. சொந்தமாக மின்நிலையம் இல்லாமல் மொத்தச் சந்தையில் வாங்கி விற்றுக்கொண்டிருந்த சின்ன நிறுவனங்கள், வாடிக்கையாளருக்கு நிலையான விலை சொல்லிவிட்டுத் தாங்கள் மட்டும் ஏறுகிற விலைக்கு வாங்க முடியாமல் கடையை மூடின. அப்பாவின் நிறுவனமும் அதில் ஒன்று. விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை, கணக்கு தானாக எஸ்பிக்குத் திரும்பிவிட்டது, ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். எங்கள் பெரியம்மா கடைசிவரை எஸ்பியைவிட்டு அசையவே இல்லை, "அதான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வருடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருடம் மற்றவர்கள் மிச்சம் பிடித்ததை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்தத் தடவை அப்பா வேறொரு நிறுவனத்தோடு போட்டிருந்த ஒப்பந்தம் முடியும் நேரம். உட்கார்ந்து பார்த்தேன். வேலை சுலபம்தான், எல்லா நிறுவனத்தின் விலையும் ஆணையத்தின் இணையத்தளத்தில் வரிசையாக இருக்கிறது. நிலையான விலைத் திட்டம் ஒன்று, எஸ்பி கட்டணத்திலிருந்து இத்தனை சதவீதம் கழிவு என்று இன்னொன்று, இந்த இரண்டு வகையையும் ஒரே மாதிரி வடிவத்தில் தர வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக் காலம் எவ்வளவு, பாதியில் விலகினால் எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் ஒரு பக்கத் தகவல் தாளில் வந்துவிடுகிறது. இந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது, கலிஃபோர்னியாவில் என் பில் மட்டுமே அரை டஜன் பக்கம். எஸ்பி கட்டணம் 2024, 2025-இல் ஜிஎஸ்டி சேர்க்காமல் யூனிட்டுக்கு 27 முதல் 30 காசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, நிலையான விலை அதைவிட ஓரிரு காசு குறைவு. மாதம் 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு மூன்றிலிருந்து ஆறு சிங்கப்பூர் வெள்ளி வரை மிச்சம். நிறுவனத்தின் சாட்டில் பேசியது மட்டும் எரிச்சல், கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறு, கடைசியில் ஒரு மனிதர் வந்ததும் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. புதுப்பித்தாகிவிட்டது.

சரி, கூட்டாக வாங்கும் விஷயத்துக்கு வருவோம். காலையில் சோங் பாங் உணவங்காடியில் அப்பாவின் நண்பர்கள் வட்டம் ஒன்று கூடும், பரோட்டா, தே ஹாலியா, அரசியல். அங்கே இந்தப் பேச்சை எடுத்தேன். அதில் ஒருவர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரிஷியன், சில வருடத்துக்கு முன்பே முயற்சி செய்திருக்கிறார். புளோக்கில் ஐம்பது அறுபது வீட்டைச் சேர்த்து ஒரு விற்பனை நிறுவனத்திடம் போயிருக்கிறார்.

"எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாலும் விலை ஒன்னுதான் அங்கிள், வேணும்னா உங்க ரெஃபரல் கோடை எல்லாருக்கும் குடுங்க, உங்களுக்கு கிரெடிட் ஏறும்னான். நான் என்ன தம்பி, ஏஜென்ட்டா?"

அவருக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அறுபது வீடு பெயர் கொடுத்தாலும் ஒப்பந்தம் அறுபது, கணக்கு அறுபது, நாளைக்கு இருபது பேர் வேறு நிறுவனத்துக்குப் போனால் தடுக்க ஆளில்லை. கூட்டத்தின் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் இல்லாதவரை அது கூட்டு ஆகாது. டுரியானுக்கு அது தேவையில்லை, காசைக் கொடுத்தால் பழம் வந்துவிடும். மின்சாரத்துக்கு இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாக்குக் கொடுக்க வேண்டும்.

சன்னிவேலில் அந்த அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2002-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது, நகரமோ கவுன்டியோ தன் குடிமக்கள் எல்லாருக்கும் சேர்த்து மின்சாரம் வாங்கலாம் என்று. முதலில் தொடங்கியது மாரின் கவுன்டி, 2010-இல். எங்கள் பக்கத்தில் சன்னிவேல், குப்பர்டினோ, மவுன்டன் வியூ என்று சான்டா கிளாரா கவுன்டியின் ஊர்கள் சேர்ந்து சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி என்ற பொது அமைப்பை வைத்து 2017 ஏப்ரலிலிருந்து மின்சாரம் தருகின்றன. லாபம் பார்க்கும் நிறுவனம் இல்லை, அந்தந்த ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்ற உறுப்பினர்கள்தான் அதன் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள், கூட்டம் நடக்கும்போது யார் வேண்டுமானாலும் போய் மைக்கைப் பிடிக்கலாம்.

சோங் பாங் மேசையில் எல்லாரையும் ஆச்சரியப்பட வைத்தது, யாரும் நம்மைச் சேரச் சொல்லிக் கேட்பதில்லை என்பதுதான். தானாகச் சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டு அறிவிப்பு, சேர்த்த பிறகு இரண்டு அறிவிப்பு தபாலில் வர வேண்டும், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். வேலைக்குப் போய் வந்து தபாலைப் பிரிக்காதவர்கள் எல்லாரும் உள்ளே. கூட்டுக்கு எடை வருவது அதனால்தான். இத்தனை லட்சம் பேர் எங்களிடம் இருக்கிறார்கள், நீங்கள் கட்டப்போகும் சூரிய மின்நிலையத்தின் மின்சாரத்தைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று பேச முடிகிறது. "கேக்காமச் சேக்கறதா? இங்க அப்படிச் செஞ்சா பேப்பர்ல வாசகர் கடிதம் வர்ற ஃபோரம் பக்கம் தீப்பிடிச்சிரும்" என்றார் ஒருவர். கேட்காமல்தான் நீங்கள் எல்லாரும் எஸ்பி கட்டணத்தில் இருந்தீர்கள் என்றேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பவரை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம்.

இதைக் கேட்டு அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டு வாங்கித் தருவது மின்சாரத்தை மட்டும். கம்பி, மின்மாற்றி, பில், மின்தடை எல்லாம் பழையபடி பிஜிஇ (PG&E) என்ற பழைய மின்சார நிறுவனம்தான். பில்லில் இரண்டு பகுதி வரும், உற்பத்தி ஒன்று, கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று, காட்டுத்தீத் தடுப்புச் செலவெல்லாம் இரண்டாவதில் ஏறி நிற்கிறது. அது போதாதென்று பழைய நிறுவனத்தைவிட்டுப் போனதற்கு ஒரு கட்டணம், நீங்கள் இருப்பீர்கள் என்று நம்பி அவர்கள் முன்பே போட்ட ஒப்பந்தங்களின் பாரம் மீதமிருப்பவர்கள் தலையில் விழக் கூடாது என்பதற்காக. எல்லாம் கூட்டினால் யூனிட்டுக்கு 40 அமெரிக்கக் காசை ஒட்டி வருகிறது, சிங்கப்பூரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எங்களுக்கு அடுத்த ஊரான சான்டா கிளாரா நகரம் 1896-லிருந்து கம்பியையும் சேர்த்துத் தானே வைத்து நடத்துகிறது, அங்கே பாதிக்கும் குறைவு. தெருவைத் தாண்டினால் வேறு விலை. அங்கே வீடு வாங்கியிருக்கலாமே என்று என் மனைவி சொல்லாத கோடைக்காலம் இல்லை.

கூட்டு விலை கைவிட்டுப்போன கதையும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் நோபெக் என்ற பெரிய கூட்டமைப்பு, 2022-இல் சந்தை விலை ஏறியதும் தங்கள் விலை சாதாரண நிறுவனத்தின் விலையைவிட அதிகமாகிவிட்டது என்று 5 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. பெரிய கூட்டம் என்பதற்காகச் சந்தை இரங்குவதில்லை, எந்த மாதத்தில் எவ்வளவு காலத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூரில் கூட்டுக் கொள்முதலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிளமெண்டி பக்கம் காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. அவளுக்கு எஸ்பியிடமிருந்து மின்சார பில்லே வருவதில்லை. குடியிருப்பு முழுக்க ஒரே பெரிய மீட்டர், உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை வாங்கி, லிஃப்ட், நீச்சல் குளத்து மோட்டார், நானூறு சொச்சம் வீடு எல்லாவற்றுக்கும் நிர்வாகக் கழகமே பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணை மீட்டர். உயர் அழுத்தத்தில் வாங்கினால் கம்பிக் கட்டணம் குறைவு, மொத்தமாகப் பேரம் பேசலாம், இதுவல்லவா நான் தேடிக்கொண்டிருந்தது!

"எவ்வளவு தர்றே யூனிட்டுக்கு?" என்றேன்.

"பொறு பாக்கறேன்... அண்ணே, அப்பாவைவிட ஜாஸ்தியா இருக்கே."

விலை உச்சத்தில் இருந்த நேரத்தில் நிர்வாகக் குழு பயந்துபோய் நீண்ட ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அப்புறம் வெளியே விலை இறங்கிவிட்டது, இவர்கள் மட்டும் பழைய விலையில் மாட்டிக்கொண்டார்கள். அப்பா மாதிரி தனியாக வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது, எல்லாரும் ஒரே மீட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பொதுக்கூட்டத்தில் பேசப்பட்டிருக்கிறது, குறிப்பேட்டில் இருக்கிறது, தங்கை அன்றைக்குப் போகவில்லை. அவள் மட்டுமில்லை, கூட்டக் குறிப்பைப் பார்த்தால் வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும் போலிருக்கிறது. சன்னிவேலில் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம், இங்கே வீட்டை விற்றுவிட்டுத்தான் விலக வேண்டும்.

இன்னொரு கூட்டு அப்பாவின் தலைக்கு மேலேயே இருக்கிறது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய புளோக்குகளின் கூரையில் சூரியத் தகடுகள், 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டம். ஒரு புளோக்குக்கு ஒரு டெண்டர் என்றால் எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்காது, அதனால் பல நகர மன்றங்களின் புளோக்குகளையும் அரசு அமைப்புகளின் கூரைகளையும் சேர்த்து ஒரே டெண்டராக விடுகிறார்கள். கட்டுவதும் பராமரிப்பதும் அந்த நிறுவனம், உண்டாகும் மின்சாரத்தை நகர மன்றம் வாங்குகிறது. பகலில் லிஃப்ட், தண்ணீர் பம்ப், நடைபாதை விளக்கு எல்லாம் அதில் ஓடுகின்றன, மிச்சம் கட்டமைப்புக்குப் போகிறது. வீட்டுக்குள் இருக்கும் மின்விசிறிக்கு அது வராது, அப்பாவின் பில்லில் ஒரு காசு குறையாது. குறைவதெல்லாம் நகர மன்றத்தின் செலவு, மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் மெதுவாக ஏறினால் அதுவே லாபம். லிஃப்டில் ஏறும்போதெல்லாம் இதை அப்பாவுக்கு விளக்கினேன், அவர் பத்தாவது மாடி வரும்வரை பொறுமையாகக் கேட்பார்.

வாடகைக்கோ விலைக்கோ சிங்கப்பூரில் காண்டோ பார்க்கிற நம்மவர்கள், நீச்சல் குளத்தை எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஏஜென்டிடம் மூன்றே கேள்வி கேட்டுவிடுங்கள்: மின்சாரம் மொத்த மீட்டரா தனி மீட்டரா, மொத்த மீட்டர் என்றால் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, இப்போது யூனிட் என்ன விலை. தங்கையின் ஏஜென்டுக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியவில்லை, நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள்.