கார்க்கதவு றப்பருக்குக் கிறீஸ்: எட்டு வின்ரர் கழித்து

ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், மைனஸ் 20 அடிக்கும் காய்ந்த நாளில் கதவு பெரும்பாலும் ஒழுங்காகத் திறக்கும். வில்லங்கம் பண்ணுவது பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்கள்தான். பகலில் கூரை ஸ்னோ உருகிக் கதவு விளிம்பால் வடியும். இரவில் அதே தண்ணீர் றப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் இறுகிப் பசையாகிவிடும்.

கார் வாங்கிய முதல் வின்ரரில் இது எனக்குத் தெரியாது. றோட்டு உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கழுவிக்கொண்டு வந்து வாசலில் விட்டேன். விடிய ஆறு மணிக்கு மனிசிக்கு வேலை. நாலு கதவும் அசையவில்லை. நேரம் போகிறதே என்று கைப்பிடியைப் பிடித்து ஓங்கி இழுத்தேன். கதவு திறந்தது, கூடவே றப்பரின் உதடு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. அதன்பிறகு ஹைவேயில் 100ஐத் தொட்டால் காதுக்குள் விசில். "இஞ்சேருங்கோ, உந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று ஒவ்வொரு பயணத்திலும் மனிசி சொல்லக் கேட்டேன்.

முதலில் பூசிப் பார்த்தது வசலின். ஊரில் வெடித்த குதிக்காலுக்குப் பூசியது, றப்பருக்கு ஆகாதா என்ற நினைப்பு. அந்த வருடம் கதவு ஒட்டவில்லைதான். ஆனால் இந்தக் கதவு றப்பர் அநேகமாக ஈபிடிஎம் என்ற வகை. அதற்கு வசலின் போன்ற பெற்றோலிய எண்ணெய் பகை, றப்பர் நாளடைவில் ஊதி மென்மையாகிவிடும். பிணைச்சலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேக்கும் இதே கதைதான். சமையல் எண்ணெய் ஸ்பிரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அழுக்கும் தூசும் அதில் அப்பிக்கொள்ளும்.

அடுத்த இரண்டு வருடம் சிலிக்கோன் ஸ்பிரே. அடிப்பது சுகம், றப்பருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் படலம் மெல்லியது, மூன்று நாலு கிழமையில் திரும்ப அடிக்கவேண்டி வந்தது. நேரே அடித்தால் காற்றில் பறந்து முன்கண்ணாடியில் படும். மழைக்கு வைப்பர் போட்டால் ஒரே மங்கல். துணியில் அடித்துத் துடையுங்கள். காரைப் பெயின்ற் அடிக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சிலிக்கோன் பக்கமே போகவேண்டாம், அது பட்ட இடத்தில் பெயின்ற் பிடிக்காமல் குழி குழியாய் விலகும்.

இப்போது ஐந்தாவது வருடமாகச் சிலிக்கோன் கிறீஸ். ஹொண்டா உதிரிப்பாகக் கவுண்டரில் ஷின்-எட்சு என்று 100 கிராம் ரியூப் வாங்கினேன் (என்னுடையது கொரோலா, றப்பருக்கு அந்தப் பேதம் தெரியாது). ஒரு கதவுக்குக் கடலைப் பருப்பளவு போதும். விரலில் எடுத்து, றப்பரைச் சுற்றித் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். றப்பர் கறுத்து மினுங்கும், ஆனால் கையில் ஒட்டாது; அதுதான் அளவு. ஒட்டினால் கூடிப்போச்சு, மனிசியின் வெள்ளை ஜாக்கெற் அதற்குச் சாட்சி. நவம்பரில் ஒருமுறை, ஜனவரிக் கடைசியில் ஒருமுறை. ரியூப் இன்னும் பாதிகூடக் காலியாகவில்லை.

கிறீஸைவிடப் பெரிய வேலை அதற்கு முந்தியதுதான். றப்பரையும், அது போய் அமரும் தகரத்தையும் ஈரத்துணியால் துடைத்து நன்றாய்க் காயவிடவேண்டும். கதவின் அடி விளிம்பை மறக்கவேண்டாம், உப்பு மண் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். இப்போதும் வின்ரரில் கழுவினால், வீட்டுக்கு வந்தவுடன் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து பழைய துவாயால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இந்த எட்டு வருடத்தில் பிறகும் இரண்டு தரம் ஒட்டியது, இரண்டும் உறைமழை பெய்த மறுநாள். அதற்குக் கிறீஸ் என்ன செய்யும், கார் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிபோல் ஐஸ் மூடியிருந்தது. இழுக்கவில்லை. உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றி உள்நோக்கி அமுக்கினேன், ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகு மெல்லத் திறந்தேன். சுடுதண்ணீர் ஊற்ற நினைப்பவர்களுக்கு: கண்ணாடி வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் அந்தத் தண்ணீரே திரும்ப உறையும்.

பெற்றோல் மூடிக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. போன மாசமும் பம்படியில், பின்னால் மூன்று கார் காத்து நிற்க, கைமுட்டியால் குத்திக்கொண்டு நின்றேன்.